உறைபனிக் காலையில் திணறும் கார்... ஊட்டிக் குளிர் சொல்லும் ரகசியம்!

ஜனவரி மாதம், காலை ஆறு மணி. ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில் இருக்கிறது தலைகுந்தா. புல்வெளி முழுக்க யாரோ உப்பைத் தூவிவிட்டுப் போனதுபோல வெள்ளை. ராத்திரி வெளியில் நிறுத்திய பைக் சீட்டைத் தொட்டால் பனித்தூள் விரலில் ஒட்டிக்கொள்கிறது. மஃப்ளரும் குரங்குக் குல்லாவுமாக வந்திறங்கும் சுற்றுலாப் பயணிகள் உறைபனியைக் கையில் அள்ளி செல்ஃபி எடுக்கிறார்கள். பக்கத்துக் கடையில் டீயும் வர்க்கியும் சூடாகப் போய்க்கொண்டிருக்கின்றன.

அதே நேரத்தில் ஊட்டி லாட்ஜ் வாசல்களில் வேறொரு காட்சியும் நடக்கும். சாவியைத் திருப்பினால் கார் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. ஆனால், கியர் போட்டு ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு நொடிக்கு ஒன்றுமே நடப்பதில்லை. பிறகு ஒரு குலுக்கல், ஒரு இருமல், ஒரு தாவல். சில வண்டிகள் அப்படியே ஆஃப் ஆகிவிடும். 'நேத்து மேட்டுப்பாளையத்துல இருந்து ஜம்முனு ஏறி வந்த வண்டிதானே... இன்னிக்கு என்னாச்சு?' என்று பின் சீட்டிலிருந்து கேள்வி வரும்.

பத்து நிமிடம் ஓடியதும் எல்லாம் சரியாகிவிடும். அதனால் சிலர் அதை அங்கேயே மறந்துவிடுகிறார்கள். சிலரோ பயந்துபோய் பிளக், ஃபில்டர், பம்ப் என்று ஒவ்வொன்றாக மாற்றி பர்ஸைக் காலி செய்துகொள்கிறார்கள். இரண்டுமே வேண்டாம். ஊட்டிக் குளிர் பெரும்பாலும் காருக்குப் புதுக் கோளாறு எதையும் கொடுப்பதில்லை. சமவெளியின் வெயில் மூடி வைத்திருந்த கோளாறைத்தான் அது வெளியே காட்டுகிறது. அந்தக் காலைப் பொழுதைக் கவனித்துப் பார்க்கத் தெரிந்தால் வீண் செலவும் மிச்சம், மலைப்பாதையில் ஆபத்தும் மிச்சம்.

உயரம் வேறு, குளிர் வேறு!

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர். கல்லாறு, பர்லியார், குன்னூர், அருவங்காடு, கேத்தி என்று 14 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, ஏறக்குறைய 50 கிலோமீட்டருக்குள் இவ்வளவு உயரத்தை ஏறிவிடுகிறது கார். மலை ரயில் இதே ஏற்றத்தை 46 கிலோமீட்டரில் ஏறுகிறது. தண்டவாளத்தின் நடுவே பற்சக்கரம் பிடிக்கப் பல் வரிசை போட்டுத்தான் வெள்ளைக்காரர்கள் அதைச் சாதித்தார்கள். 1899-ல் குன்னூர் வரைக்கும் 1908-ல் ஊட்டிக்கும் ரயில் வந்தது. காருக்குப் பற்சக்கரம் கிடையாது. முழு பாரமும் இன்ஜின் மேல்தான்.

இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான். இன்ஜினும் மனிதரைப் போலத்தான், மூச்சு விட்டால்தான் வேலை செய்யும். காற்று குறைந்தால் எரிக்கக்கூடிய பெட்ரோலும் குறையும், இழுவையும் குறையும். டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் கார் ஊட்டியில் தன் பலத்தில் ஏறக்குறைய கால் பங்கை இழந்துவிடுகிறது. கோவையில் மூன்றாவது கியரில் ஏறும் மேட்டை இங்கே இரண்டாவது கியரில்தான் ஏறும். டர்போ உள்ள வண்டிகள் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் அவற்றுக்கு இந்த இழப்பு குறைவு.

இங்கேதான் முதல் குழப்பம். உயரத்தால் வரும் சோர்வு நாள் முழுக்க இருக்கும். காலையிலும் இருக்கும், மத்தியானமும் இருக்கும், இன்ஜின் சூடானாலும் இருக்கும். அது கோளாறு அல்ல, மலையின் இயல்பு. மத்தியானம் தொட்டபெட்டா ஏறும்போது வண்டி சோம்பலாக இருக்கிறதென்று ஒர்க்ஷாப் தேட வேண்டியதில்லை. காலையில் முதல் சில நிமிடங்கள் மட்டும் வண்டி திணறி, சூடானதும் சரியாகிறது என்றால்தான் குளிரைச் சந்தேகப்பட வேண்டும்.

பனி எங்கே படுத்துக்கொள்ளும்?

ஊட்டிக்குள்ளேயே எல்லா இடத்திலும் ஒரே குளிர் கிடையாது. உயரமான இடத்தில்தான் உறைபனி அதிகம் விழும் என்று நினைப்போம். நடப்பது நேர்மாறு. மேகம் இல்லாத, காற்று அடிக்காத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகி, தண்ணீரைப் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்குகிறது. தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம், தாவரவியல் பூங்காவின் புல்வெளி என்று பள்ளமும் சமதளமுமான இடங்களில் உறைபனி வெள்ளையாகப் படிவது இதனால்தான்.

நவம்பர் வாக்கில் முதலில் நீர்ப்பனி இறங்கும். மழை ஓய்ந்து வானம் தெளிந்ததும் உறைபனி தொடங்கி பிப்ரவரி வரை ஆட்டம் காட்டும். தாவரவியல் பூங்காவில் செடிகள் கருகாமல் இருக்க கோத்தகிரி மிலார் செடிகளை வெட்டி வந்து மூடி வைப்பார்கள். தேயிலை விவசாயிகள் இளம் செடிகளைக் காய்ந்த தழையால் போர்த்துவார்கள். செடிக்குச் செய்யும் அந்த உபசாரத்தில் கொஞ்சம் காருக்கும் செய்யலாம். லாட்ஜில் இடம் இருந்தால் பள்ளத்துப் புல்வெளியை விட்டுவிட்டு மேட்டிலோ, கட்டடச் சுவரை ஒட்டியோ, கூரைக்குக் கீழேயோ நிறுத்தினால் போதும். வானத்தைப் பார்த்து நிற்கும் கார்தான் அதிகம் குளிர்ந்துபோகும்.

குளிர் உச்சத்தில் இருப்பது நள்ளிரவில் அல்ல, சூரியன் எட்டிப் பார்க்கும் நேரத்தில்தான். 'சீக்கிரம் கிளம்பிடலாம்' என்று அதிகாலையில் சாவியைத் திருப்புகிறவர், இன்ஜின் மிகவும் விறைத்திருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் திருப்புகிறார்.

சோக் இழுத்த காலம்

அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய நாள்களில் ஊட்டி டாக்ஸி டிரைவர்களுக்குக் குளிர்காலக் காலை ஒரு சடங்கு. டேஷ்போர்டில் உள்ள சோக் குமிழை வெளியே இழுக்க வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் சத்தத்தைக் காதால் அளந்துகொண்டே, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ள வேண்டும். சீக்கிரம் தள்ளினால் வண்டி ஆஃப் ஆகும். தாமதித்தால் கரும்புகை கக்கி, பிளக் கரி பிடித்து அடுத்த தகராறு தொடங்கும். மெல்லிய மலைக்காற்றில் கார்புரேட்டர் ஏற்கெனவே பெட்ரோலைத் தேவைக்கு மேல்தான் ஊட்டும் என்பதால், ஊட்டியில் இந்தக் கைப்பக்குவம் இன்னும் நுட்பமானது. ஆரம்பகால மாருதி 800-லும் சோக் இருந்தது.

சோக் செய்த வேலை இதுதான். திரவமாக இருக்கும் பெட்ரோல் எரியாது. ஆவியானால்தான் எரியும். குளிரில் துணி காயத் தாமதமாவதுபோல பெட்ரோலும் ஆவியாகத் தாமதமாகும். உள்ளே போகும் பெட்ரோலில் ஒரு பகுதி இன்ஜினின் குளிர்ந்த சுவர்களில் ஈரமாக ஒட்டிக்கொள்ளும். சாதாரணமாக ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்பது சரியான கணக்கு. சுவரில் ஒட்டியது போக மீதிதான் எரியும் என்றால், அந்த நஷ்டத்தையும் சேர்த்துக் கூடுதலாக ஊற்றினால்தானே கணக்கு சரியாகும்? சோக் காற்றைக் குறைத்து பெட்ரோலைக் கூட்டியது.

இப்போதைய கார்களில் சோக் கிடையாது. அந்த டிரைவரின் காதும் கையும் செய்த வேலையை இ.சி.யூ. என்ற குட்டி கம்ப்யூட்டர் செய்கிறது. இன்ஜின் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று சென்சாரைக் கேட்கும். அதற்குத் தகுந்தபடி பெட்ரோலைக் கூட்டும். சூடாகச் சூடாகக் குறைக்கும். புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார், கலவை சரியா என்று பார்த்துச் சொல்லக்கூடியதுதான். ஆனால், அது நன்றாகச் சூடான பிறகே பேசத் தொடங்கும். ஆகவே முதல் சில நிமிடங்களுக்கு இ.சி.யூ. கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுகிறது என்றே சொல்லலாம். வழிகாட்டும் ஒரு சென்சார் பொய் சொன்னாலும் அந்த நிமிடங்களில் வண்டி தடுமாறும். ஆக்சிலேட்டரைச் சட்டென்று மிதிக்கும்போது காற்று பாய்ந்து வந்துவிடும், பெட்ரோல் சுவரில் ஒட்டிக்கொண்டு பின்தங்கும். அந்த ஒரு நொடி வெற்றிடம்தான் நம் காலுக்குத் தெரியும் திணறல்.

'எப்பங்க திணறுது?'

மலையில் பழகிய மெக்கானிக் பானெட்டைத் திறப்பதற்கு முன் வாயைத் திறப்பார். "எப்பங்க திணறுது? காலையில மட்டுமா, சூடான பிறகுமா? மெதுவா மிதிச்சாலுமா, சட்டுனு மிதிச்சா மட்டுமா?" இந்தக் கேள்விகளுக்குச் சரியான பதில் கிடைத்தாலே சந்தேக வட்டம் பாதியாகச் சுருங்கிவிடும்.

செல்ஃப் எடுக்கவே 'கிர்ர்... கிர்ர்' என்று இழுத்தால் அது பேட்டரி பிரச்னை. குளிரில் பேட்டரியின் பலம் கணிசமாகக் குறையும், இன்ஜின் ஆயிலும் கெட்டியாகும். இரண்டும் சேர்ந்து செல்ஃப் மோட்டாரைத் திணறடிக்கும். ஆனால், செல்ஃப் உடனே எடுத்து, ஓட ஆரம்பித்த பிறகு வண்டி திணறினால் பேட்டரியை மாற்றிப் பயனில்லை. காற்று, பெட்ரோல், தீப்பொறி ஆகிய மூன்றில் ஒன்றில்தான் கோளாறு.

சூடாகும் வரை மட்டும் திணறினால், முதல் சந்தேகம் கூலன்ட் சென்சார் மேல். சூடானாலும் ஆகாவிட்டாலும் மேட்டில் அழுத்தி மிதிக்கும்போதெல்லாம் திணறினால், பெட்ரோல் போதவில்லை என்று பொருள். அடைத்த ஃபில்டர், களைத்த பம்ப் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நின்ற இடத்திலேயே ஐடிலிங் ஏறி இறங்கினால், எங்கோ காற்று ஒழுகுகிறது அல்லது த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கிறது. ஒரே சீராக 'தட்... தட்' என்று ஒரு துடிப்பு விட்டுப்போனால், ஒரு சிலிண்டருக்குத் தீப்பொறி சரியாகப் போகவில்லை. மெக்கானிக்குகள் 'மிஸ் அடிக்குது' என்று சொல்வது இதைத்தான்.

பொய் சொல்லும் சென்சார், காணாமல்போன வால்வு

சமவெளியில் தப்பித்துவிட்டு மலையில் மாட்டிக்கொள்ளும் குற்றவாளிகள் சிலர் உண்டு.

முதலாவது, கூலன்ட் வெப்ப சென்சார். குளிர்ந்திருந்தால் அதன் மின்தடை அதிகமாகவும் சூடானால் குறைவாகவும் இருக்கும். பழுதான சென்சார் எப்போதும் 'நாற்பது டிகிரி' என்று சொல்லிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மதுரையிலோ சென்னையிலோ காலையிலேயே முப்பதைத் தொடும் வெப்பத்தில் அந்தப் பொய்க்கும் உண்மைக்கும் பத்து டிகிரிதான் வித்தியாசம். யாருக்கும் தெரியாது. ஊட்டியில் இன்ஜின் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போது அதே பொய்யின் அளவு நாற்பது டிகிரி. இ.சி.யூ. அதை நம்பி பெட்ரோலைக் குறைத்துவிடும். வண்டி பட்டினி கிடந்து திணறும்.

இரண்டாவது, தெர்மோஸ்டாட் வால்வு. இன்ஜின் சூடாகும் வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுத்து வைப்பது இதன் வேலை. கார் ஓவர்ஹீட் ஆகிறது என்று போனால், 'நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு?' என்று இதைக் கழற்றிப் போட்டுவிடும் பழக்கம் சமவெளி ஒர்க்ஷாப்கள் சிலவற்றில் இன்னும் இருக்கிறது. வெயில் ஊரில் அதன் குறை பெரிதாகத் தெரியாது. ஊட்டியில் தொடக்கத்திலிருந்தே கூலன்ட் ரேடியேட்டருக்குப் போய்க் குளிர்ந்துகொண்டே இருப்பதால் இன்ஜின் சூடாகவே சூடாகாது. இ.சி.யூ.வும் பெட்ரோலைக் குறைக்காது. திணறல் நீளும், மைலேஜ் அடிவாங்கும், ஹீட்டரைப் போட்டால் குளிர்காற்றுதான் வரும். திறந்த நிலையில் சிக்கிக்கொண்ட வால்வும் இதே வேலையைத்தான் செய்யும். இருபது நிமிடம் ஓட்டிய பிறகும் வெப்ப முள் கீழேயே கிடந்தால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, ரப்பர் ஹோஸும் கேஸ்கட்டும். பழைய ரப்பர் குளிரில் விறைத்துச் சுருங்கும். அந்த இடுக்கில் கணக்கில் வராத காற்று இன்ஜினுக்குள் நுழையும். பானெட்டைத் திறந்து கேட்டால் 'உஸ்ஸ்' என்று சன்னமாகச் சத்தம் வரலாம். சூடானதும் ரப்பர் இளகி இடுக்கு மூடிக்கொள்ளும், ஒன்றுமே நடக்காததுபோல வண்டி ஓடும்.

நான்காவது, தீப்பொறி. தேய்ந்துபோன பிளக்கில் இடைவெளி அதிகமாகி இருக்கும். அதைத் தாண்டிப் பொறி பாய அதிக மின்னழுத்தம் தேவை. குளிரில் கலவை சரியாக ஆவியாகாமல் இருக்கும்போது பலவீனமான பொறியால் அதைப் பற்றவைக்க முடியாது. காயிலிலோ பிளக் ஒயரிலோ மயிரிழை விரிசல் இருந்தால் ஊட்டி மூடுபனியின் ஈரம் அதில் புகுந்து பொறியை வேறு பக்கம் திருப்பிவிடும். வெயில் வந்து காய்ந்ததும் நோய் மறைந்துவிடும்.

ஐந்தாவது, எரிபொருள். இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும் குணம் உடையது. டேங்க்கில் ஏற்கெனவே தண்ணீர் சேர்ந்திருந்தால், வெப்பம் இறங்கும்போது அது எத்தனாலோடு பிரிந்து அடியில் தங்கக்கூடும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். இதற்காக எல்லாத் திணறலுக்கும் பெட்ரோலைக் குறை சொல்லக் கூடாது. மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற காரை எடுத்துக்கொண்டு நேராக மலையேறியிருந்தால் மட்டும் இதையும் சந்தேகப் பட்டியலில் வையுங்கள்.

டீசல் வண்டியின் சுருள் விளக்கு

கேரட்டும் முட்டைக்கோஸும் ஏற்றிக்கொண்டு அதிகாலையில் மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கிளம்பும் பிக்கப் வண்டிகளைப் பாருங்கள். சாவியைத் திருப்பிய கையோடு டிரைவர் செல்ஃப் அடிக்க மாட்டார். டேஷ்போர்டில் சுருள் கம்பி போன்ற மஞ்சள் விளக்கு எரிந்து அணையும் வரை காத்திருப்பார். டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டில்தான் டீசல் பற்றிக்கொள்ளும். குளிர்ந்த இன்ஜினில் அந்தச் சூடு போதாது என்பதால் க்ளோ பிளக் என்ற சின்னக் கம்பி பழுக்கக் காய்ந்து உதவி செய்கிறது.

நான்கில் ஒரு க்ளோ பிளக் செத்துப்போனால், அந்த சிலிண்டர் மட்டும் முதல் ஓரிரு நிமிடங்களுக்கு வேலை செய்யாது. வண்டி நடுங்கும், பின்னால் வெள்ளைப் புகை வரும், டீசல் வாடை அடிக்கும். அந்த வெள்ளைப் புகை எரியாமல் வெளியேறும் டீசல். சூடானதும் அது நின்றுவிட்டால் க்ளோ பிளக்கைச் சோதித்தால் போதும். சூடான பிறகும் வெள்ளைப் புகை தொடர்ந்தால் விஷயம் பெரியது. தள்ளிப்போடாமல் காட்டிவிட வேண்டும். டீசலே உறைந்து மெழுகாகும் அளவுக்கு ஊட்டி பொதுவாகப் போவதில்லை. அது லடாக் மாதிரி ஊர்களின் தலைவலி. மைனஸ் 33 டிகிரி வரை உறையாமல் ஓடும் தனி ரக டீசலை 2019-ல் இந்தியன் ஆயில் அங்கே அறிமுகம் செய்தது.

சாவியை ஒரு படி மட்டும் திருப்புங்கள்

கடந்த பத்தாண்டுகளில் வந்த கார் என்றால், ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும். அதில் செருகும் சின்ன ஸ்கேனர் விலை அதிகமில்லை. செல்போனோடு இணைத்துவிடலாம். அதை வைத்து, யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய ஓர் எளிய சோதனை இருக்கிறது.

ராத்திரி முழுக்க நின்ற காரில், காலையில் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் 'ஆன்' நிலைக்குத் திருப்புங்கள். ஸ்கேனரில் இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று கூலன்ட் வெப்பம், மற்றது உள்ளே போகும் காற்றின் வெப்பம். எட்டு மணி நேரம் அசையாமல் நின்ற வண்டியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவும், வெளி வெப்பத்தை ஒட்டியும் இருக்க வேண்டும். வெளியே 3 டிகிரி, காற்று சென்சார் 4 என்கிறது, கூலன்ட் சென்சார் மட்டும் 35 என்கிறது என்றால் குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டது. எந்தப் பாகத்தையும் கழற்றத் தேவையில்லை.

இந்தச் சோதனையை மத்தியானம் ஒர்க்ஷாப்பில் செய்ய முடியாது. ஓட்டிக்கொண்டு போகும்போதே இன்ஜின் சூடாகி சாட்சியம் அழிந்துவிடும். அதனால்தான் ஊட்டியின் காலை அவ்வளவு அருமையானது.

'செக் இன்ஜின்' விளக்கு எரிந்தால் கோடு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு. காற்று ஒழுக்கா, பம்ப்பா என்று தேடலாம். பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ், பி0302 என்றால் இரண்டாவது. விளக்கு எரியவில்லை என்பதற்காகக் கோளாறே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. முப்பத்தைந்து டிகிரி என்பது நடக்கக்கூடிய எண்தானே? அதனால் பல கார்களின் இ.சி.யூ. அதைப் பொய் என்று கண்டுபிடிக்காமலே விட்டுவிடும்.

ஸ்கேனர் இல்லாதவர்களும் கவலைப்பட வேண்டாம். செல்போனில் வீடியோ எடுத்தாலே போதும். முதல் ஸ்டார்ட், ஐடிலிங் சத்தம், மீட்டர் முள், புகையின் நிறம், எத்தனை நிமிடத்தில் சரியானது என்ற விவரம் எல்லாம் அதில் இருக்கட்டும். ஊருக்குத் திரும்பியதும் மெக்கானிக்கிடம் காட்ட அதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

கல்லட்டி விளையாட்டு அல்ல

பத்து நிமிடத்தில் சரியாகிவிடும் திணறலை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேச வேண்டும்? மலை அந்தப் பத்து நிமிடத்தைச் சமவெளியைப் போலச் சும்மா விடாது என்பதால்தான்.

உறைபனி பார்க்கக் கூட்டம் சேரும் அதே தலைகுந்தாவில்தான் கல்லட்டி மலைப்பாதை பிரிகிறது. மசினகுடி வரை 36 கொண்டை ஊசி வளைவுகள், ஆயிரம் மீட்டருக்கும் மேல் செங்குத்தான இறக்கம். விபத்துகள் தொடர்ந்ததால் வெளியூர் வாகனங்கள் இந்த வழியாக இறங்கக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. அந்தப் பாதை மட்டுமல்ல, குன்னூர் வழியோ கோத்தகிரி வழியோ எதில் இறங்கினாலும் ஒரு விஷயம் பொது. ஓடும் காரில் இன்ஜின் ஆஃப் ஆனால் பிரேக்குக்கு உதவும் பூஸ்டர் வேலை செய்யாது. மிச்சமிருக்கும் உதவி ஓரிரு மிதிகளோடு தீர்ந்துபோகும். அதன் பிறகு பிரேக் கல்லைப் போல இறுகிவிடும். ஸ்டீயரிங்கும் கனத்துவிடும்.

இதை அறியாமல், திணறும் வண்டியை 'இறக்கம்தானே' என்று நியூட்ரலில் உருட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பெட்ரோலையும் மிச்சம் பிடிக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. ஐடிலிங் நிலைக்காத வண்டி நியூட்ரலில்தான் சீக்கிரம் ஆஃப் ஆகும். இறக்கத்தில் இரண்டாவது கியரிலோ, செங்குத்தான இடத்தில் முதல் கியரிலோ இறங்கினால், இன்ஜின் தடுமாறினாலும் சக்கரமே அதைச் சுற்றிக்கொண்டிருக்கும். பிரேக்கும் சூடாகாது. ஏற்றத்திலும் அப்படித்தான். முன்னால் போகும் பஸ்ஸை ஓவர்டேக் செய்ய வலப்பக்கம் ஏறிய பிறகு ஒரு நொடி இழுவை போனால், எதிரே வளைவில் வரும் வண்டிக்கும் நமக்கும் இடையில் அந்த ஒரு நொடிதான் இருக்கும். காலையில் திணறிய வண்டியை முள் நடுப்பகுதிக்கு வரும் வரை இறக்கத்திலும் விடாதீர்கள், ஓவர்டேக்கும் செய்யாதீர்கள்.

நாளைக் காலை என்ன செய்யலாம்?

ஸ்டார்ட் ஆனதும் ஆக்சிலேட்டரை முறுக்கி உறுமவிட வேண்டாம். ஆயில் கெட்டியாக இருக்கும்போது உறுமினால் தேய்மானம்தான் மிச்சம். அரை நிமிடம், உறைபனி நாளில் ஓரிரு நிமிடம் ஓடவிட்டு, சமமான சாலையில் நிதானமாக ஓட்டத் தொடங்கினால் நின்ற இடத்தில் இருப்பதைவிடச் சீக்கிரம் சூடாகும். கண்ணாடியில் படிந்த பனியைக் கரைக்க வெந்நீர் ஊற்றக் கூடாது. கண்ணாடி விரிசல் விடும். ஹீட்டரைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட்டுக் கொஞ்சம் பொறுமையாக இருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. குளிருக்குப் பயந்து மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருக்காதீர்கள். காருக்குள் குழந்தைகளை உட்காரவைத்து ஷட்டரை இறக்கிவிட்டு ஹீட்டர் போடவும் கூடாது. குளிர்ந்த இன்ஜின் கார்பன் மோனாக்சைடை அதிகமாகவே விடும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டித் தூங்குவது எவ்வளவு ஆபத்தோ, இதுவும் அவ்வளவு ஆபத்து. ஷெட் கதவை முழுக்கத் திறந்து, வண்டியை வெளியே எடுத்த பிறகு சூடாக்குங்கள்.

மலையேறுவதற்கு முன் இ-பாஸ் எடுத்தாயிற்றா என்று பார்க்கிறோம். 2024 மே மாதம் முதல் அது வழக்கமாகிவிட்டது. அதோடு கூலன்ட் அளவு, பேட்டரி முனைகள், பிளக் மாற்றிய தேதி, தயாரிப்பாளர் சொன்ன ரக ஆயில்தானா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடலாம். ஆயில் டப்பாவில் எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அந்த எண் சிறியதாக இருந்தால் குளிரில் ஆயில் சீக்கிரம் ஓடும்.

திரும்பி வரும்போது கல்லாறு தாண்டி, பாக்குத் தோப்புகளின் வெக்கை முகத்தில் அடித்ததும் கார் பழையபடி சாதுவாகிவிடும். 'ஊட்டிக் குளிர்தான் காரணம், இப்ப சரியாயிடுச்சு' என்று விட்டுவிடத் தோன்றும். சரியாகவில்லை, மறைந்திருக்கிறது. அந்த வாரமே செல்போனில் எடுத்த வீடியோவோடு மெக்கானிக்கிடம் போய், 'இந்த பார்ட்டை மாத்துங்க' என்று சொல்லாமல், 'இத்தனை டிகிரியில, இத்தனை நிமிஷம், இப்படித் திணறுச்சு' என்று சொல்லுங்கள். மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.